தமிழ் மீடியம் படித்த மகள் பைலட் ஆகலாமா?

வணக்கம் அம்மா,

"பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்தான். பைலட் ஆகணும்னா இங்கிலீஷ் டெஸ்ட் இருக்காமே, இவ தாண்டிடுவாளா?" என்று கேட்டிருந்தீர்கள். தாண்டலாம். ஆனால் அவளுக்கு எந்த இங்கிலீஷ் வேண்டும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பக்கத்து ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

நம் நாட்டில் பைலட் லைசென்ஸ் தருவது டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் கமர்ஷியல் லைசென்ஸுக்குப் படிப்புத் தகுதி என்றால், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மீடியம் தடையில்லை. ஆனால் பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எழுத்துத் தேர்வில் தேற நூற்றுக்கு 70 வேண்டும். அதை உட்கார்ந்து படித்துச் சமாளித்துவிடலாம்.

நீங்கள் பயப்படுவது பேச்சுத் தேர்வுக்கு. உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ ஆங்கிலத் திறனுக்கு 1 முதல் 6 வரை படி வைத்திருக்கிறது. குறைந்தது 4 வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிதல், உரையாடும் திறன் என்று ஆறையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கவனியுங்கள், சராசரி எடுக்க மாட்டார்கள். ஐந்தில் 5 வாங்கி ஒன்றில் 3 வாங்கினால் அவள் படி 3தான். அதனால் அவளுக்கு எது பலவீனமோ அதில்தான் உழைப்பு போக வேண்டும். படி 4 கிடைத்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு, 5 என்றால் ஆறு ஆண்டு, 6 என்றால் மறுதேர்வே இல்லை.

"த்ரீ சொல்ல வராமல் ட்ரீ என்கிறாள், எல்லாரும் கேலி செய்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா, ரேடியோவில் 3-ஐ 'ட்ரீ' என்றுதான் சொல்லச் சொல்கிறது ஐகாவோ விதி! 5 'ஃபைஃப்', 9 'நைனர்'. இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக. தாய்மொழி வாசனை பேச்சில் இருக்கலாம், கேட்பவருக்குப் புரிந்தால் போதும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது நம் பிள்ளைகளின் கூச்சம். புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம் இறங்க இடம் கிடைக்காமல் வானத்திலேயே வெகுநேரம் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி ரேடியோவில் சொன்னார். ஆனால் 'எமர்ஜென்சி' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நிலைமையின் அவசரம் தரையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. சரியான சொல் சரியான நேரத்தில் வாயில் வரவில்லை. படி 4-க்கான விதியிலேயே, குழப்பம் வந்தால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. 'சே அகெயின்' (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்பது அவமானம் இல்லை, அது பைலட்டின் கடமை என்று அவளுக்கு இன்றே சொல்லுங்கள்.

இதை வீட்டிலேயே பழக்கலாம், நீங்களே செய்யலாம். ஒரு துண்டுச் சீட்டில் "டர்ன் ரைட், ஹெடிங் டூ செவன் ஜீரோ" (வலப்பக்கம் திரும்பி 270 டிகிரி திசையில் போ) என்பதுபோல் நாலைந்து வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, மின்விசிறியை வேகமாக வைத்து, போனில் ஒரே மூச்சில் படியுங்கள். அவள் எண் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானத்தில் இதை 'ரீட்பேக்' என்பார்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒரு எண்ணை முழுங்குங்கள். ஊகித்துச் சொல்கிறாளா, மறுபடி கேட்கிறாளா என்று பாருங்கள். ஊகித்தால் அன்று பாஸ் இல்லை.

ரேடியோ வாசகங்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. தேர்வில் சாதாரணமாகவும் பேசச் சொல்வார்கள். ஒரு படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்கலாம், திடீரென்று ஒரு பயணிக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன சொல்வாய் என்றும் கேட்கலாம். தினம் இருபது நிமிடம், பார்த்த ஒரு காட்சியை ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவுசெய்து அவளே கேட்கட்டும். இலக்கணம் தப்பினாலும் நிறுத்தாமல் சொல்லட்டும்.

வெளிநாட்டுப் பயிற்சி என்றால், அமெரிக்காவில் மாணவ பைலட் சான்றிதழுக்கே ஆங்கிலம் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன் பைலட் பயிற்சிக்குக் கேட்கும் 'கிளாஸ் 2' மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பார்வையிலோ காதிலோ சிக்கல் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். அந்தச் சான்று கையில் வந்ததும், அவள் பதிவுசெய்த ஒரு குரல் துண்டையும் எனக்கு அனுப்புங்கள். ஆறில் எது பின்தங்குகிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.