மீக்கடத்தி என்றால் போதுமான அளவு குளிர்வித்ததும் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள். ஈயம் போன்ற பழைய மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன. தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் மின்சாரம் எப்படி ஓடுகிறது? அங்கேயும் எலக்ட்ரான் ஜோடிகள்தானா?

ஆமாம், ஜோடிகள்தான். மீக்கடத்தி வளையத்துக்குள் சிக்கும் காந்தப் பாயம் (வளையத்தின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) ஒரு குறிப்பிட்ட சிற்றளவின் முழு மடங்காகத்தான் இருக்கும். அந்தச் சிற்றளவை அளந்தால், மின்னூட்டம் இரண்டிரண்டு எலக்ட்ரான்களாகப் போவது தெரியும். ஈயத்திலும் இப்படித்தான், சுமார் 93 கெல்வினில் (கிட்டத்தட்ட மைனஸ் 180 டிகிரி செல்சியஸ்) மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடிலும் இப்படித்தான்.

தடை இல்லாமல் போகும் காரணமும் ஒன்றே. எல்லா ஜோடிகளும் ஒரே குவாண்டம் அலையில் கட்டுண்டு நகர்கின்றன. அதனால் ஒரு ஜோடி மட்டும் தனியாக எதிலாவது மோதிச் சிதற முடியாது.

அப்புறம் என்னதான் வித்தியாசம்? ஜோடியைச் சேர்த்து வைப்பது எது என்பதில்தான். ஈயம், அலுமினியம் போன்றவற்றில் அது அணுக்களின் அதிர்வு; 1957-லேயே விளக்கிவிட்டார்கள். 1986-ல் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் கண்டுபிடித்த தாமிர ஆக்சைடுகளுக்கு இன்னும் ஒருமித்த விடை இல்லை. தாமிர அணுக்களின் காந்தச் சுழற்சிகள்தான் (ஸ்பின், அதாவது ஒவ்வொரு அணுவும் சிறு காந்தம்போல் இருக்கும் தன்மை) காரணம் என்பது பலருடைய கணிப்பு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஜோடியின் வடிவம் மட்டும் தெளிவாகிவிட்டது. அதன் அலை நான்கு இதழ் கொண்டது. அடுத்தடுத்த இதழ்களில் குறி (கூட்டல், கழித்தல்) மாறும், இடையிலுள்ள மூலைவிட்டத் திசைகளில் பிணைப்பே இல்லை. 1994-ல் சூய், கிர்ட்லி குழுவினர் வெவ்வேறு கோணத்தில் திரும்பிய மூன்று படிகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம் செய்தார்கள். அதில் முழு மடங்குக்குப் பதில் பாதி அளவு பாயம் தானாகவே தோன்றியது. குறி மாறினால்தான் அப்படி நடக்கும்.

நடைமுறைத் தலைவலிகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஜோடியின் அளவு ஓரிரு நானோமீட்டர்தான். அலுமினியத்தில் அது ஆயிரம் நானோமீட்டருக்கும் மேல். இவ்வளவு சிறிய, திசை பார்க்கும் ஜோடிக்குப் படிகத் துகள்களுக்கு இடையிலான எல்லையே பெரிய தடங்கல். துகள்கள் சில டிகிரி திரும்பியிருந்தாலே தாங்கக்கூடிய மின்னோட்டம் சரசரவென்று இறங்கிவிடும். ஓட்டமும் பெரும்பாலும் தாமிர-ஆக்சிஜன் தளங்களுக்குள்ளேதான். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்கு ஜோடிகள் ஊடுருவித்தான் போக வேண்டும்.

வலுவான காந்தப்புலம் சிறு சுழல்களாக (காந்தப்புலத்தின் மெல்லிய இழையைச் சுற்றி மின்னோட்டம் சுழலும்) மீக்கடத்திக்குள் நுழையும். மின்னோட்டம் அவற்றைத் தள்ளும். நகர்ந்தால் ஆற்றல் இழப்பு, அதாவது மின்தடை. சுழல்களைப் பிடித்து நிறுத்தப் படிகத்தில் குறைகள் வேண்டும். அதனால்தான் மீக்கடத்தி நாடா செய்பவர்கள் துகள்களை ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, அதற்குள் பேரியம் சிர்கோனேட் நுண்துகள்களை வேண்டுமென்றே கலக்கிறார்கள்.