பச்சை பாண்டும் தண்ணி மோட்டாரும்

சார், வணக்கம். எஃப்டி முடிஞ்சு கொஞ்சம் காசு கைக்கு வந்திருக்கு. ஏஜெண்ட் ஒருத்தர் பசுமை ஃபண்டுல போடுங்க, லாபத்துக்கு லாபமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சுங்கறார். என் காசுல நெஜமாவே ஒரு சோலார் பேனலாவது ஏறுமா, இல்ல வெறும் பச்சை பெயின்ட்டா?
- ஒரு வாசகர்

வணக்கம்ங்க,

ஏஜெண்ட் ஒண்ணு சொல்லாம விட்டுட்டார். இந்த மாதிரி ஃபண்டு பெரும்பாலும் ஏற்கனவே மார்க்கெட்ல கைமாறிட்டிருக்கற ஷேரைத்தான் வாங்கும், அப்ப உங்க காசு அதை விக்கறவன் பாக்கெட்டுக்குப் போகும், கம்பெனி கல்லாவுக்கு இல்ல. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினா ஷோரூம்காரனுக்கு என்ன கெடைக்கும்? (ஷேர் வெல ஏறினா கம்பெனி அடுத்த தடவை காசு திரட்டறது ஈஸிம்பாங்க. உண்மைதான், ஆனா ரொம்ப சுத்தி வர்ற உண்மை.)

புதுசா வெளியிடற பாண்டு, அதாவது கடன் பத்திரம், வேற. அதுல காசு நேரா கடன் வாங்கறவங்க கைக்கே போகும். 2023 பிப்ரவரில இந்தூர் மாநகராட்சி 244 கோடி திரட்டுச்சு. அந்த ஊருக்கு நர்மதைத் தண்ணி ஜலூத்ங்கற எடத்துலருந்து கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் பம்ப் பண்ணி மேல ஏறி வரணும், மோட்டார் ஓடற கரண்ட் பில்லே முதுகை ஒடிக்குது, அதனால 60 மெகாவாட் சோலார் போடறோம் கடன் குடுங்கன்னு நேரா பொதுஜனங்ககிட்டயே கேட்டாங்க. பாண்டு ஆயிரம் ரூபா, வட்டி 8.25 சதவீதம், அசலை 3, 5, 7, 9 வருஷம்னு நாலு பங்கா திருப்பித் தர்றதா ஏற்பாடு. கேட்டதுக்கு மேல பல மடங்கு குவிஞ்சுது. எனக்கு இதுல புடிச்சது பச்சைங்கற பேரு இல்ல, அந்த கரண்ட் பில்லு. காசு எதுக்கு வாங்கறாங்க, எதுல மிச்சம் புடிச்சு திருப்பித் தருவாங்கன்னு கண்ணுக்குத் தெரியுது பாருங்க.

அதுக்கு முந்தின மாசம்தான் மத்திய அரசோட முதல் க்ரீன் பாண்டு (பசுமைத் திட்டத்துக்குன்னே வாங்கற கடன்), 8,000 கோடி. சாதாரண அரசு பாண்டை விட வட்டி அஞ்சாறு பேசிஸ் பாயிண்ட் கம்மியா போச்சுன்னு பெருமையா பேசினாங்க. நம்ம கணக்குல நூறு ரூபாக்கு வருஷம் அஞ்சாறு பைசா! பூமிக்காக மார்க்கெட் விட்டுக்குடுத்தது அவ்ளோதான், அப்புறம் வந்த சில ஏலத்துல அதுகூட கெடைக்கல.

நீங்க ஒண்ணு பண்ணுங்க, ஏஜெண்ட்கிட்ட அந்த ஃபண்டோட முதல் பத்து ஹோல்டிங், அதாவது அது அதிகமா காசு போட்டிருக்கற பத்து கம்பெனி லிஸ்ட்டைக் கேளுங்க. அனேகமா பேங்க்கும் ஐடி கம்பெனியுமாத்தான் இருக்கும். பேனல் எதுனா தட்டுப்பட்டா எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.