சிங்கப்பூரில் ஐந்து நாள்: ரொக்கமா, கார்டா?

இரண்டும் வேண்டும், ரொக்கம் கொஞ்சமாக இருந்தால் போதும். எம்ஆர்டி ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டையே தட்டிப் போகலாம். புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள்.

பணம் கரைவது வேறு இடத்தில். கடையில் கார்டு இயந்திரம் 'ரூபாயிலா, டாலரிலா?' என்று கேட்கும். ரூபாய் என்றதும் மனம் குளிரும்; அதைத் தொடாதீர்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். டாலரையே அழுத்துங்கள்.

அடுத்து, உணவக விலைப்பட்டியலில் விலைக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கூட்டல் குறிகள். 20 டாலர் சாப்பாட்டுக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி, ஆக 23.98 டாலர். முதல் முறை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். டிப்ஸ் தனியாக வைக்க வேண்டியதில்லை.

சிறு உணவுக் கடைகள் பல ஒரே இடத்தில் இருக்கும் ஹாக்கர் சென்டர்களில் இந்தத் தொல்லை கிடையாது, பலகையில் எழுதிய விலைதான். ஆனால் சில கடைகள் ரொக்கமோ உள்ளூர் கியூஆரோ மட்டுமே வாங்கும். கையில் வைத்திருக்கும் நோட்டு அங்கேதான் உதவும். சாப்பிட்ட தட்டை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள், அதற்கும் அபராதம் உண்டு.