அலமாரி போர்த்துகீசியச் சொல்தான்

கேள்வி: உளவியல் பட்டம் முடித்த என் மகள், பாலியல் உளவியல் படிக்கப் போர்ச்சுகல் போகிறேன் என்கிறாள். போர்த்துகீசிய இலக்கணப் புத்தகங்களாக வாங்கி அலமாரியை நிரப்பிவிட்டாள். மனத்தைப் பற்றிப் படிக்க இன்னொரு மொழி எதற்கு? உளவியல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: அலமாரி என்று எழுதினீர்களே, அதுவே போர்த்துகீசியச் சொல்தான். அவர்களுடைய 'அர்மாரியு' நம் வீட்டுக்கு வந்து அலமாரி ஆயிற்று. மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் அதே வழியாக வந்தவை. ஒருவர் தன் பாலின ஈர்ப்பை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்வதை இன்று அந்த மொழியில் 'ஸயிர் து அர்மாரியு' என்கிறார்கள். அலமாரியை விட்டு வெளியே வருதல் என்று பொருள். எதிரே உட்கார்ந்து ஒருவர் தயங்கித் தயங்கி இதைச் சொல்லும்போது, கேட்பவர் அகராதி புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

உளவியலில் வேறு துறைகள் எப்படியோ, பாலியலில் சொல்தான் கருவி. ஆங்கிலத்தில் உள்ள ஓர் ஆய்வு வினாப்பட்டியலைப் போர்த்துகீசியத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு முப்பது நாற்பது பேரிடம் கொடுத்து, 'இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிந்தது?' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நேரமில்லை என்று பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். பிழை ஒளிந்திருப்பதும் அங்கேதான். பிரேசிலிலும் போர்த்துகீசியம்தான் பேசுகிறார்கள். அங்குள்ள இளைஞர்களிடம் 'ஃபிகார்' என்றால் உறவு என்ற பேச்சில்லாமல் ஒருவரை முத்தமிடுவது, நெருங்கியிருப்பது. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் அதே சொல் 'தங்குவது'தான். 'போன மாதம் யாருடனாவது ஃபிகார் செய்தீர்களா' என்ற பிரேசில் கேள்வியைப் போர்ச்சுகலில் வைத்தால், பெரியம்மா வீட்டில் தங்கியவரும் ஆம் என்று குறித்துவிடுவார். பிரேசில் வழக்கு தெரிந்தவர் திரும்ப மொழிபெயர்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். உள்ளூர்க்காரர் வாயைக் கேட்டால்தான் பிடிபடும்.

'ரப்பரீகா' போர்ச்சுகலில் இளம்பெண். பிரேசிலின் வடகிழக்கில் விலைமாது. 'ப்ருபீனா' போர்ச்சுகலில் கல்லூரிக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம். மகள் வாங்கியிருக்கும் புத்தகங்கள் எந்த நாட்டு மொழிக்கானவை என்று முதலில் பாருங்கள். காதுக்கும் இதே பாடுதான். பிரேசில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகியவர் லிஸ்பனில் இறங்கிய முதல் மாதம் திணறுவார். அழுத்தம் விழாத உயிரெழுத்துகளை அவர்கள் விழுங்கிவிடுவார்கள். 'தெலெஃபோன்' அங்கே 'ட்லஃபோன்' ஆகிவிடும்.

ஒரு விகுதிக்காகவே அந்த மொழியில் பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. தன்பாலீர்ப்பைக் குறிக்கும் பழைய சொல் 'இஸ்மு' என்று முடிந்தது. குடிநோய், வாதநோய் போன்றவற்றின் பெயரிலும் அதே விகுதிதான். அதை நீக்கி, தன்மையைக் குறிக்கும் 'தாத்' விகுதியைப் போடவேண்டும் என்று இயக்கத்தினர் விடாமல் கேட்டார்கள். பிரேசில் மருத்துவக் கவுன்சில் 1985-இல் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-இல்தான். 1999-இல் பிரேசில் உளவியல் கவுன்சில், 'குணப்படுத்துகிறேன்' என்று எந்த உளவியலாளரும் சொல்லக்கூடாது என விதி போட்டது. போர்ச்சுகல் அத்தகைய 'சிகிச்சை'யை 2024-இல் குற்றமாக்கியது. அதே போர்ச்சுகலில்தான், மூளை அறுவைக்காக 1949-இல் நோபல் பெற்ற எகாஸ் மோனிஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலியல் வாழ்க்கை பற்றி எழுதிய நூலில் இதை நோயாகவே வகைப்படுத்தினார். நூறாண்டு நீண்ட இந்தக் கதை நடந்தது போர்த்துகீசியத்தில்.

நம் நாளிதழ்கள் இன்னும் 'ஓரினச்சேர்க்கை' என்றே அச்சடிக்கின்றன. இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது, மறுபடியும் எழுதுகிறேன்: 'சேர்க்கை' ஒரு செயலின் பெயர். ஒரு மனிதரின் ஈர்ப்பை அது சொல்லாது. உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு அரசு, இவர்களைக் குறிக்க எந்தச் சொற்களை எழுதவேண்டும் என்று அரசிதழில் சொற்பட்டியலே வெளியிட்டது. ஆசிரியர் குழுவினர் அதை ஒரு முறையாவது புரட்டிப் பார்க்கட்டும்.

படிப்புக்கு வருகிறேன். போர்ச்சுகலில் உளவியலாளர் என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ள, இளநிலை, முதுநிலை இரண்டும் உளவியலில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஓராண்டுப் பயிற்சி, பிறகு அந்நாட்டு உளவியலாளர் மன்றத்தில் பதிவு. பாலியலில் மட்டும் முதுகலை முடித்தால் ஆய்வாளர் ஆகலாம், உளவியலாளராகச் சிகிச்சை தர முடியாது. உங்கள் மகள் எதை நினைக்கிறார் என்று இப்போதே கேளுங்கள். மொழிக்கு 'தீப்லே' என்ற தேர்வு இருக்கிறது. அது பி2, அதாவது மேல் இடைநிலை. வகுப்பில் சமாளிக்க அது போதும், நோயாளியின் பேச்சைக் கேட்க இன்னும் மேலே போக வேண்டும். பிரேசில் என்றால் தேர்வே வேறு, 'செல்பி பிராஸ்'. அங்கே உளவியல் ஒரே மூச்சில் ஐந்தாண்டுப் படிப்பு.

மொழி எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்த பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் 1546-இல் இந்தியா வந்தார். பாவசங்கீர்த்தனம், அதாவது பாதிரியாரிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, அதற்கு வருகிறவர், நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தன் அந்தரங்கத்தை எப்படிச் சொல்வார்? அடிகளார் தமிழ் கற்றார். தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துகீசியத்தில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டார். 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தமிழ் நூலைக் கொச்சியில் அச்சேற்றினார். உங்கள் மகள் அதே வேலைக்காக எதிர்த்திசையில் கப்பலேறுகிறார். அலமாரியில் இன்னொரு தட்டு அடித்துக் கொடுங்கள்.