ஒன்பது மணிக்கு ஓடாத பேக்கப்

அன்புள்ள அண்ணாச்சி,

தாராவி 90 அடி ரோட்டில் ஒரு தோல் பை பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். பைத்தான் என்ற புரோகிராம் மொழி நானாகக் கற்றுக்கொண்டது. தினமும் காலை 10 மணிக்கு ஜிஎஸ்டி தளத்தையும் டேலி என்ற கணக்கு மென்பொருளையும் திறக்க வேண்டும். இரவு 9 மணிக்கு டேலி டேட்டாவைப் பென் டிரைவில் பேக்கப் எடுக்க வேண்டும். இதெல்லாம் தானாக நடக்க 40 வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காலை வேலை ஒழுங்காக நடக்கிறது. பேக்கப் மட்டும் சில நாள் நடக்கிறது, சில நாள் நடப்பதில்லை. ஒரு நாள் டேலி திறந்ததும் கைதவறி மூடிவிட்டேன். உடனே தளமும் டேலியும் தானாக மறுபடி திறந்துகொண்டன. ‘நேரத்துக்கு வேலையை ஓட்ட விண்டோஸிலேயே டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறதே, உனக்கு ஏன் இந்த வேலை’ என்கிறான் நண்பன். தொடரவா, விட்டுவிடவா? புரோகிராமை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தாராவி)

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். புரோகிராமை இரண்டு முறை படித்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் காரணம் அதிலேயே இருக்கிறது.

டேலியைத் திறக்க, மற்ற புரோகிராம்களை ஓட்டுகிற பைத்தானின் சப்பிராசஸ் பகுதியில் ‘ரன்’ என்பதைப் போட்டிருக்கிறீர்கள். ‘ரன்’ ஒரு புரோகிராமைத் திறந்துவிட்டு, அது மூடப்படும் வரை அதே இடத்தில் காத்திருக்கும். அதாவது காலையில் டேலி திறந்ததிலிருந்து, திரும்பத் திரும்ப மணி பார்க்கிற உங்கள் லூப் நகரவே இல்லை. நீங்கள் எட்டரைக்கே டேலியை மூடிவிட்ட நாட்களில் லூப் விழித்துக்கொண்டு 9 மணியைப் பார்த்தது, பேக்கப் நடந்தது. ஒன்பதே கால் வரை பில் போட்ட நாட்களில் 9 மணி வந்ததே அதற்குத் தெரியாது. வேலை அதிகமாக இருந்த நாட்களில்தான் பேக்கப் விட்டுப்போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

‘ரன்’னுக்குப் பதிலாக ‘பிஓப்பன்’ போட்டால் திறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 10 வினாடிக்கு ஒருமுறை மணியைப் பார்த்து, அது ‘10:00’ என்ற எழுத்துக்குச் சமமா என்று கேட்கிறீர்கள். ஒரு நிமிடம் முழுக்க அது சமமாகத்தான் இருக்கும். ‘பிஓப்பன்’ போட்டால் அந்த ஒரு நிமிடத்தில் டேலி ஆறு முறை திறக்கும். இதுவரை அப்படி ஆகாமல் இருந்ததற்குக் காரணம் அந்த ‘ரன்’ லூப்பைக் கட்டிப்போட்டு வைத்திருந்ததுதான். கைதவறி மூடிய அன்று கட்டு அவிழ்ந்தது, மணி இன்னும் 10:00, மறுபடி திறந்தது. ஒரு தப்பு இன்னொரு தப்பை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்திருக்கிறது.

சரி, இதைத் திருத்த பத்து நிமிடம் போதும். நான் அதிகம் பேச விரும்புவது வேறொன்று.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு இதே மாதிரி ஒன்றை விபி 6 (விஷுவல் பேசிக்) என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்தேன். அதில் டைமரின் இடைவெளியை 65,535 மில்லி வினாடிக்கு மேல் வைக்க முடியாது, ஒரு நிமிடமும் ஐந்தரை வினாடியும்தான். ஆகவே நானும் உங்களைப் போல நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தேன். இரவு 11 மணிக்கு பேக்கப். என் வீட்டில் வைத்துச் சோதித்தபோது ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்று வாரம் கழித்து அவர்கள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பைத் திறந்தால் நான் கொடுத்த முதல் நாள் எடுத்தது மட்டும்தான் இருந்தது. காரணம் என்ன தெரியுமா? எட்டரை மணிக்கு ஆபீஸ் பையன் கதவைப் பூட்டும்போது வழக்கம்போல மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். முதல் நாள் நான் பக்கத்தில் இருந்ததால் அணைக்கவில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. மூன்று வாரமாகத் தன் வேலை நடக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லாத புரோகிராமை எழுதியவன் நான். அங்கே இரண்டு பெண்கள் உட்கார்ந்து மூன்று வார வவுச்சர்களைத் திரும்ப அடித்தார்கள். இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

நேரத்துக்கு ஒரு புரோகிராமைத் திறப்பதற்குப் பத்து வரி போதும். அந்த நேரம் தவறிப்போனால் என்ன செய்வது என்பதுதான் மீதி எல்லாமே. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகில் இந்த வேலைக்குக் கிரான் என்று ஒன்று எழுபதுகளிலிருந்தே இருக்கிறது. 1987-இல் பால் விக்ஸி எழுதிய வடிவம் மிகவும் பரவியது. ஆனால் இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டருக்கு எழுதப்பட்டது அது. மெஷின் அணைந்திருந்தபோது கடந்த நேரத்தைத் திரும்பிப் பார்க்காது. அணைத்துப் போடுகிற மெஷின்களுக்காகப் பிறகு அனகிரான் வந்தது. அதன் சூத்திரம் ரொம்ப எளிது: ஒவ்வொரு வேலையும் கடைசியாக நடந்த தேதியை ஒரு சின்ன பைலில் எழுதி வைக்கும், மெஷின் போட்டதும் அதைப் படித்துப் பார்க்கும். கடை கம்ப்யூட்டருக்கு இந்த வழிதான் சரி.

அதனால் ‘மணி 9:00-க்குச் சமமா’ என்று கேட்காதீர்கள். ‘9 ஆகிவிட்டதா, இன்றைய வேலை இன்னும் முடியவில்லையா’ என்று கேளுங்கள். ஆறு முறை திறக்கிற பிரச்சினையும் இதிலேயே போய்விடும். அப்புறம் தவறிய வேலைக்கு வருவோம். எல்லா வேலையும் ஒரே மாதிரி இல்லை. டேலி திறப்பது முகூர்த்தம் மாதிரி. மாலை நாலு மணிக்கு கம்ப்யூட்டரைப் போட்டால் பத்து மணி வேலையை அப்போது செய்ய வேண்டியதில்லை, விட்டுவிடலாம். பேக்கப் வாடகை மாதிரி. தேதி தாண்டினாலும் கொடுத்தே ஆகவேண்டும். எந்த வேலை எந்த வகை என்று புரோகிராமில் உள்ள உங்கள் வேலைப் பட்டியலில் ஒரு கட்டம் சேருங்கள். நேற்றைய பேக்கப் விட்டிருந்தால் மறுநாள் காலை டேலி திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். டேலி திறந்திருக்கும்போது பைலை நகல் எடுத்தால் பாதி எழுதிய நிலையில் அகப்பட்டுக்கொள்ளலாம், அதற்கும் காலை நேரமே நல்லது. தேதியை, நகல் முழுக்க முடிந்த பிறகுதான் எழுத வேண்டும். தொடங்கும்போதே எழுதினால், பென் டிரைவ் செருகாத நாளும் முடிந்ததாகக் கணக்காகிவிடும்.

மெயின் ஸ்விட்ச் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓடவைப்பது மதர்போர்டில் ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் 3 வோல்ட் சிஆர் 2032 பேட்டரி. தினமும் இரவு முழுக்க அதன் தலையில்தான் பாரம். பழைய மெஷினில் அது தீர்ந்துபோனால், காலையில் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய வருடத்தில் விழிக்கும். இன்டர்நெட் வந்த பிறகே சரியான நேரத்துக்குத் தாவும். ஆகவே பைலில் உள்ள தேதியைவிட இன்றைய தேதி முந்தையதாக இருந்தால் எதையும் செய்யாமல் ‘கடிகாரம் தப்பு’ என்று சொல்லி நிற்கட்டும். கடிகாரத்தை அப்படியே நம்பக்கூடாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம்தான். 1906-இல் இந்திய நேரம் வந்த பிறகும் பல வருடம் இங்கே பம்பாய் நேரம் என்று 39 நிமிடம் பின்தங்கிய இன்னொரு கணக்கும் ஓடியது.

உங்கள் நண்பர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். டாஸ்க் ஷெட்யூலர் நல்ல கருவி. தவறிய வேலையைக் கூடிய சீக்கிரம் ஓட்டு என்ற வசதி அதிலும் உண்டு, ஆனால் நீங்களாகத் தேடி டிக் செய்ய வேண்டும். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓட்டு என்பது முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். லேப்டாப்காரர்கள் பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த போல்டரிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தைக் காலியாக விட்டால் உங்கள் புரோகிராம் விண்டோஸின் சொந்த சிஸ்டம் 32 போல்டரில் நின்றுகொண்டு தன் பைல்களைத் தேடும். இதெல்லாம் தெரிந்த ஒருவருக்கு அது போதும்.

ஆனால் உங்கள் பட்டறையில் பேக்கப் நடந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியவர் முதலாளி. அவர் ஷெட்யூலரின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து குறியீட்டு எண் பார்க்கப் போவதில்லை. காலையில் திரையில் பெரிய எழுத்தில், தமிழில், ‘நேற்று இரவு பேக்கப் எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன், பென் டிரைவைச் செருகுங்கள்’ என்று வந்தால் அவருக்குப் புரியும். அதை அந்தக் கருவி செய்யாது, நீங்கள் செய்யலாம். எனக்கு உங்கள் 40 வரி முக்கியமாகப் படுவது இதனால்தான். உங்கள் கடை எப்போது பூட்டப்படுகிறது, யார் பூட்டுகிறார், டேலியை யார் கடைசியாக மூடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது.

திருத்தி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நாள் இரவு 8:55-க்கு கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துக் கடையைப் பூட்டுங்கள். மறுநாள் காலை முதலாளியையே கம்ப்யூட்டரைப் போடச் சொல்லுங்கள். திரையில் வருவதை அவர் படித்துவிட்டு உங்களிடம் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.