ஷேக்ஸ்பியரின் டைமன் ஏன் மனிதர்களையே வெறுத்தான்?

நாலு நண்பர்கள் கைவிட்டதற்காக ஊர் உலகத்தையே வெறுப்பது மிகையில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மிகைதான். ‘ஏதென்ஸின் டைமன்’ நாடகமே அந்த மிகையைப் பற்றியதுதான்.

ஏதென்ஸின் பிரபுவான டைமன் நண்பர்களுக்கு விருந்தும் பரிசுமாக அள்ளிக் கொடுக்கிறான். ஆனால் கொடுப்பது கடன் வாங்கி. நிலமெல்லாம் அடமானத்தில். கணக்குப்பிள்ளை பிளேவியஸ் எத்தனை முறை சொல்லியும் காதில் வாங்கவில்லை. கடன்காரர்கள் வாசலுக்கு வந்ததும் நண்பர்களிடம் ஆள் அனுப்புகிறான். வேலையாளைப் பார்த்ததுமே லுக்குல்லஸ் என்ற நண்பன், நேற்றிரவு வெள்ளிக் குடம் கனவில் வந்ததே, பரிசுதான் வந்திருக்கிறது என்று பூரிக்கிறான். விஷயம் தெரிந்ததும், “என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு” என்று வேலையாளின் கையில் மூன்று காசைத் திணிக்கிறான். வேலையாள் அதை வீசி எறிகிறான். எனக்கு நாடகத்திலேயே பிடித்த இடம் இது.

அப்புறம் அந்தக் கடைசி விருந்து. மூடிய பாத்திரங்களைத் திறந்தால் வெறும் வெந்நீர். அதை விருந்தாளிகள் முகத்தில் ஊற்றிவிட்டுக் காட்டுக்குப் போகிறான். கிழங்கு தோண்டும்போது தங்கம் கிடைக்கிறது! அதையும் அள்ளிக் கொடுக்கிறான், இந்த முறை ஏதென்ஸை அழிக்கட்டும் என்று. அளவில்லாமல் கொடுத்தவன் அளவில்லாமல் வெறுக்கிறான். இரு முனைகளும் தெரிந்த உனக்கு நடுவே தெரியாது என்று, எல்லோரையும் ஏளனம் செய்யும் தத்துவவாதி அபெமாண்டஸ் டைமனிடம் சொல்வது சரியான கணிப்பு.

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில்தான் இது முதலில் அச்சானது. அக்கால நாடகாசிரியர் தாமஸ் மிடில்டனும் சேர்ந்து எழுதியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. திருத்தி முடிக்காத நாடகமோ என்றும் தோன்றுகிறது. முடிவில் வரும் டைமனின் கல்லறை வாசகத்தைப் பாருங்கள்: ஒரு வரி ‘என் பெயரைத் தேடாதே’ என்கிறது, அடுத்ததே ‘இங்கே கிடப்பவன் டைமன்’ என்கிறது.