மதுரை மரியன்னை ஆலயத்தை ஏன் கதீட்ரல் என்கிறார்கள்?

கீழவெளி வீதியில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் அழகான ஆலயம் இது. ஆயரின், அதாவது பிஷப்பின், அதிகாரபூர்வ இருக்கை எந்த ஆலயத்தில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். உள்ளே போனால் பீடத்தருகே உள்ள அந்த நாற்காலியைப் பாருங்கள். மாவட்டத்தில் எத்தனை அரசுக் கட்டடங்கள் இருந்தாலும் கலெக்டர் உட்காரும் இடம்தானே கலெக்டர் ஆபீஸ், அப்படித்தான்.

இத்தாலியக் கத்தோலிக்கக் குருவான ராபர்ட் தெ நோபிலி மதம் பரப்ப மதுரைக்கு வந்தது 1606இல். ஆனாலும் 1938 வரை மதுரை, திருச்சி மறைமாவட்டத்துக்குள்தான் இருந்தது. மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின் நிர்வாகத்தில் உள்ள பகுதி. அந்த ஆண்டு தனி மறைமாவட்டமாகப் பிரியாவிட்டால் இங்கே கதீட்ரல் என்ற பேச்சே எழுந்திருக்காது. 1953இல் பேராயர் தலைமையிலான உயர்மறைமாவட்டமும் ஆனது.

பெரிய, புகழ்பெற்ற ஆலயமெல்லாம் கதீட்ரல் என்று பலர் நினைக்கிறார்கள். வேளாங்கண்ணி ஆலயம் பசிலிக்காதான், அதாவது போப்பாண்டவர் தரும் சிறப்புப் பட்டம் பெற்ற ஆலயம். வேளாங்கண்ணி அடங்கிய மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் உள்ள திரு இருதய ஆலயம்.